தையல் தெரியட்டும்

ஓர் அனிமேஷன் படம் வெளியானால் நம் ஊரில் முதலில் எழும் கேள்வி, "கிராஃபிக்ஸ் எப்படி?" என்பதுதான். அந்தக் கேள்விக்குள் ஓர் அளவுகோல் ஒளிந்திருக்கிறது. முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறதா, தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறதா, முகம் நிஜ முகம்போல அசைகிறதா என்று பார்த்து, எவ்வளவு அசலாக இருக்கிறதோ அவ்வளவு உசத்தி என்று மதிப்பெண் போடுகிறோம். இந்தக் கணக்குப்படி அனிமேஷனின் வரலாறு ஓர் ஏணி. கீழ்ப்படியில் கையால் வரைந்த பொம்மைப் படங்கள், அதற்கு மேலே களிமண் பொம்மைகள், அதற்கும் மேலே கம்ப்யூட்டர், உச்சியில் நிஜத்திலிருந்து பிரித்தறிய முடியாத பிம்பம். அந்த ஏணியே தவறு என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. ஒவ்வொரு நுட்பத்துக்கும் ஒரு திறமை இருப்பதுபோல ஓர் இயலாமையும் இருக்கிறது. நல்ல அனிமேஷன் படம் அந்த இயலாமையை மூடி மறைப்பதில்லை. கதைக்குள் அதற்கு ஒரு வேலை கொடுக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க 'தி லயன் கிங்' போல வசதியான உதாரணம் கிடைக்காது. ஒரே கதை, ஒரே நிறுவனம், இரண்டு நுட்பங்கள். 1994-இல் டிஸ்னி அதைக் கையால் வரைந்தது. 2019-இல் ஜான் ஃபேவ்ரோ இயக்கத்தில், காட்டுக்குள் போய் எடுத்த ஆவணப்படம் போன்ற தோற்றத்தில் கம்ப்யூட்டரில் மறுபடி செய்தது. பிந்தைய படத்தின் பிடரி மயிரும் புழுதியும் வெயிலும் வியக்க வைப்பவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் முஃபாசா இறந்து கிடக்க, சிம்பா அப்பாவை எழுப்பப் பார்க்கும் காட்சியை இரண்டிலும் பாருங்கள். 1994-இன் சிம்பாவுக்கு மனிதர்களைப் போலப் புருவம் நெரிகிறது, விழியின் வெள்ளை விரிகிறது, வாய் கோணுகிறது. சிங்கக்குட்டிக்கு இப்படியெல்லாம் முகம் போகாது என்று வரைந்தவருக்கும் தெரியும், பார்க்கும் குழந்தைக்கும் தெரியும். 2019-இன் சிம்பாவுக்கோ அசல் சிங்கக்குட்டியின் முகத்தசைகள்தான் உண்டு. எனவே முகம் சும்மா இருக்கிறது, குரல் மட்டும் அழுகிறது. தமிழில் வில்லன் ஸ்காருக்கு அரவிந்த்சாமி குரல் கொடுத்தார். அந்தக் குரலில் இருந்த வஞ்சகத்தில் பாதிகூட அந்த முகத்தில் இல்லை. இது அங்கே உழைத்த கலைஞர்களின் குறை அல்ல. அசலைப் போலவே இருக்க வேண்டும் என்று முடிவெடுத்த கணத்திலேயே, அசலால் செய்ய முடியாத அத்தனையையும் அவர்கள் கைவிட வேண்டியதாயிற்று.

சரி, அசல்தன்மையை வைத்து வரிசைப்படுத்தக் கூடாது என்றால் இந்த நுட்பங்களை வேறு எப்படிப் புரிந்துகொள்வது? எனக்குச் சரியாகப் படும் வழி, இரண்டு ஃப்ரேம்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று கேட்பது. சினிமாவில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம்கள். நடிகரைப் படம்பிடிக்கும்போது ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, நடிகர் தானாக அசைந்துகொள்வார். அனிமேஷனில் அந்த இடைவெளியில் ஒரு மனிதர் உட்கார்ந்து வேலை செய்கிறார். கையால் வரையும் படத்தில் அவர் உருவத்தை முதலிலிருந்து மறுபடி வரைகிறார். ஸ்டாப் மோஷனில் அதே பொம்மையைத் தொட்டுத் துளி நகர்த்துகிறார். கண்ணாடி மேல் வண்ணம் தீட்டும் முறையில் முந்தைய ஓவியத்தை அழித்து, அதன் மேலேயே அடுத்ததைத் தீட்டுகிறார். ரஷ்யரான அலெக்சாண்டர் பெட்ரோவ், ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' கதையை விரல்நுனியால் அப்படித் தீட்டி, 29,000-க்கும் மேற்பட்ட ஓவியங்களில் 1999-இல் முடித்தார். கம்ப்யூட்டரில் ஒருமுறை கட்டிய உருவத்துக்கு அவர் முக்கியமான நிலைகளை மட்டும் அமைத்துக் கொடுக்க, நடுவில் உள்ளதை இயந்திரம் கணக்கிட்டு நிரப்புகிறது. மோஷன் கேப்சரில் நடிகரின் உடல் அசைவே பதிவாகி உருவத்தின் மேல் ஏறுகிறது. இந்த இடைவெளியில் நடப்பது எதுவோ அது திரையில் தன் தடயத்தை விட்டே தீரும். அந்தத் தடயத்தைத்தான் நாம் குறை என்று சொல்லப் பழகியிருக்கிறோம்.

எளிமையான ஒன்றிலிருந்து தொடங்கலாம். அட்டையை வெட்டி உருவம் செய்து, கீழிருந்து ஒளி பாய்ச்சிய மேசை மேல் நகர்த்தும் நிழலுருவ முறைக்கு முகபாவம் என்பதே கிடையாது. நிழலுக்கு ஏது உதடு? ஜெர்மனியின் லோட்டே ரைனிகர், போட்ஸ்டாமில் ஒரு வங்கியாளர் வீட்டு கேரேஜுக்கு மேலிருந்த இடத்தில் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து, 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' என்ற முழுநீளப் படத்தை அப்படித்தான் செய்தார். 1926-இல் வெளியான அதுவே, அழியாமல் இன்று நம் கைக்கு வந்திருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது. முகம் இல்லாததால் அதில் உணர்ச்சி முழுக்க மணிக்கட்டுக்கும் கழுத்து வளைவுக்கும் முதுகின் சாய்வுக்கும் இறங்கி வந்துவிட்டது. கைவிரல் ஒன்று விரிவதே அங்கே ஒரு வசனம். யூரி நார்ஷ்டைனின் 'பனிமூட்டத்தில் முள்ளெலி' (1975) இன்னொரு திசையில் போகிறது. அவர் தாளில் வெட்டிய முள்ளெலியின் மேல் மெல்லிய தாள் ஒன்றை வைத்து, ஃப்ரேம் ஃப்ரேமாக அதைக் கேமரா பக்கம் உயர்த்தினார். உருவத்தை ஒட்டியிருக்கும்போது அது தெளிவாகத் தெரியும், தாள் மேலே போகப் போக மங்கி மறையும். தாளைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஒரு மேசையில் பனி பிறந்தது இப்படித்தான். அந்தப் பனி முள்ளெலியைச் சுற்றி நிற்பதில்லை, அதை விழுங்குகிறது.

ஸ்டாப் மோஷனில் தடயம் விடுவது கை. 1933-இன் 'கிங் காங்' பொம்மைக்கு முயல் ரோமம் போர்த்தியிருந்தார்கள். ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வில்லிஸ் ஓ'பிரையனின் குழுவினர் அதைப் பிடித்து நகர்த்தியதால் விரல் பட்ட இடமெல்லாம் ரோமம் கலைந்தது. திரையில் பார்த்தால் குரங்கின் உடல் காற்றில்லாமலே ஓயாமல் சிலிர்த்துக்கொண்டிருக்கிறது. தொழில்கணக்கில் அது பிழை. ஆனால் ஊர் விட்டு ஊர் இழுத்துவரப்பட்டு, சங்கிலியில் கட்டப்பட்ட ஒரு மிருகத்தின் உள்ளே ஏதோ கொதிக்கிறது என்பதை அந்தப் பிழையைவிட நன்றாகச் சொல்லும் வழி எனக்குத் தோன்றவில்லை. பிரிஸ்டலில் இயங்கும் ஆர்ட்மான் நிறுவனத்தின் வாலஸ், க்ரோமிட் பொம்மைகளின் மேல் விரல்ரேகை அப்படியே தெரியும். தேய்த்து வழவழப்பாக்க அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. வீட்டில் இருக்கும் சாமான்களைக் கொண்டு ராக்கெட் செய்யும் ஒரு மனிதரின் கதைக்கு, கையால் பிசைந்த உலகம்தான் பொருந்தும்.

இந்த வரிசையில் நான் அதிக நேரம் நிற்க விரும்புவது 'அனோமலிசா'விடம். சார்லி காஃப்மேனும் டியூக் ஜான்சனும் 2015-இல் எடுத்த படம். ஸ்டாப் மோஷன் பொம்மைகளின் முகபாவத்தை மாற்ற, முகத்தையே கழற்றி வேறு முகம் மாட்டுவது பழைய வழக்கம். 2009-இன் 'கோரலைன்' முதல் இந்த முகங்கள் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் பிறக்கின்றன. ஒரு முகத்தை நெற்றி ஒரு துண்டு, வாய் ஒரு துண்டு என்று கண்ணோரமாகப் பிரித்துவிட்டால், கொஞ்சத் துண்டுகளை வைத்தே நிறைய பாவங்களைச் சேர்க்கலாம். என்ன, இரண்டும் சேரும் இடத்தில் கண்ணோரத்திலிருந்து காதுவரை ஒரு கோடு விழும். பிற்பாடு கம்ப்யூட்டரில் அதை அழித்துவிடுவார்கள். 'அனோமலிசா' அழிக்கவில்லை. படம் முழுக்க ஒவ்வொரு முகத்திலும் அந்தத் தையல் அப்படியே நிற்கிறது. கதை என்ன? வாடிக்கையாளர் சேவை பற்றிப் பேச வெளியூர் ஓட்டலில் ஓரிரவு தங்க வருகிறார் மைக்கேல் ஸ்டோன். அவர் கண்ணுக்கு எல்லா மனிதர்களும் ஒரே முகம், காதுக்கு ஒரே குரல். டாக்ஸி ஓட்டுநர், பழைய காதலி, மனைவி, மகன் எல்லோருக்கும் குரல் கொடுத்திருப்பவர் டாம் நூனன் ஒருவரே. லிசா என்ற பெண்ணுக்கு மட்டும் தனி முகம், தனிக் குரல். இப்போது அந்தத் தையலைப் பாருங்கள். முகம் என்பது கழற்றி மாட்டக்கூடிய தகடு, அதற்குப் பின்னால் யாரும் இல்லை என்று மைக்கேலுக்குள் இருக்கும் பயம், பொம்மை செய்யும் தொழிலின் ஒரு சாதாரண உண்மையாக ஏற்கெனவே அங்கே இருந்தது. இயக்குநர்கள் அதைக் கண்டுகொண்டார்கள். ஒரு கனவில் அவர் முகத்தின் கீழ்ப்பாதி கழன்று கையில் வந்து விழும்போது நாம் திடுக்கிடுகிறோம். ஆனால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதில்லை, ஏனென்றால் முதல் காட்சியிலிருந்தே அந்தக் கோடு கண்முன் இருந்தது.

கையால் வரைவதில் இருக்கும் இயலாமை, ஒரே கோட்டை இரண்டு முறை வரைய முடியாது என்பது. வின்சர் மெக்கே 1914-இல் 'கெர்ட்டி' என்ற டைனோசரை அசைய வைத்தபோது ஒவ்வொரு தாளிலும் பின்னணி மலையையும் சேர்த்தே மறுபடி வரைய வேண்டியிருந்தது. அதனால் மலையும் லேசாக நடுங்கும். விரைவிலேயே ஏர்ல் ஹர்ட் ஊடுருவித் தெரியும் செல்லுலாய்டு தாளைக் கொண்டுவந்தார். பின்னணியை ஒருமுறை வரைந்தால் போதும், அசைவதை மட்டும் தனித் தாளில் வரைந்து மேலே வைக்கலாம் என்றானது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் தொழிலின் முயற்சி முழுவதும் கோட்டின் நடுக்கத்தை ஒழிப்பதில் போயிற்று. ஐசாவோ தகஹாதா 2013-இல் எடுத்த 'இளவரசி ககுயாவின் கதை' அந்த முயற்சியை மறுத்த படம். கரித்துண்டால் இழுத்தது போன்ற கோடு, நீர்வண்ணம், ஓரமெல்லாம் வெறும் வெள்ளை. பெரிய வீட்டு விருந்தில் தன்னைப் பற்றிக் குடிகாரர்கள் கேலி பேசுவதைக் கேட்டுவிட்டு ககுயா எழுந்து ஓடும் காட்சியில், கோடு கட்டுப்பாட்டை இழக்கிறது. உடை உடையாக இல்லை, மரம் மரமாக இல்லை, எல்லாம் கிறுக்கலாகிறது. அவள் கோபத்தை முகத்தில் காட்டவில்லை. அவளை வரைந்த கோடே அந்தக் கோபமாக மாறிவிடுகிறது. அயர்லாந்தின் கார்ட்டூன் சலூன் 2020-இல் செய்த 'வுல்ஃப்வாக்கர்ஸ்' இதையே ஒரு முழு உலகத்துக்கும் நீட்டியது. 1650-இன் கில்கென்னி நகரம், மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்ததுபோல நேர்க்கோடும் கட்டமுமாக வரையப்பட்டிருக்கிறது. காட்டுக்குள் போனால், ஓவியர் முதலில் போட்டுப் பார்க்கும் பென்சில் கோடுகளைக்கூட அழிக்காமல் விட்டிருக்கிறார்கள். நகரத்துச் சிறுமி ராபின் காட்டைச் சேர்ந்தவளாக மாற மாற, அவளை வரைந்த கோடும் தளர்கிறது. ஆட்சி செய்பவனின் வேலியும் ஓநாயின் சுதந்திரமும் வசனத்தில் சொல்லப்படுவதற்கு முன்பே பென்சிலில் சொல்லியாகிவிட்டது.

இங்கே ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. "நீங்கள் அர்த்தம் என்று சொல்வதில் பெரும்பகுதி வெறும் பணப்பிரச்சினை. காசு இல்லாததால் ஒரு நுட்பத்தைத் தேர்ந்தார்கள், விமர்சகர்கள் பிறகு அதற்குக் காரணம் கற்பித்தார்கள்." வரலாற்றில் இதற்கு ஆதாரம் நிறையவே உண்டு. டிஸ்னியின் '101 டால்மேஷியன்ஸ்' (1961) படத்தின் கீறலான கோடுகள், மை போடும் செலவைக் குறைக்கப் பென்சில் ஓவியத்தை நேராக ஜெராக்ஸ் முறையில் ஊடுருவித் தெரியும் தாளுக்கு மாற்றியதால் வந்தவை. ஹன்னா-பார்பெரா தொலைக்காட்சிக்காகப் படம் செய்தபோது யோகி கரடிக்குக் கழுத்துப்பட்டை மாட்டியது அழகுக்கு அல்ல. தலைக்கும் உடலுக்கும் நடுவில் ஒரு வெட்டு இருந்தால், உடலை அப்படியே வைத்துக்கொண்டு தலையை மட்டும் மாற்றி வரையலாம். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் பணம் ஒரு நுட்பத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்குத்தான் பதில் சொல்லும். தேர்ந்த பிறகு அது திரையில் என்ன செய்கிறது என்பது வேறு விஷயம். சிக்கனத்தைச் சிக்கனமாகவே விட்டுவிட்ட படங்களும் உண்டு, அதிலிருந்து ஒரு மொழியைக் கட்டியெழுப்பிய படங்களும் உண்டு. டிஸ்னியிலிருந்து வெளியேறியவர்கள் தொடங்கிய யூபிஏ, 1950-இல் 'ஜெரால்ட் மெக்போயிங்-போயிங்' எடுத்தபோது சுவரையும் தரையையும் விட்டுவிட்டு வெறும் நிறத்தை மட்டும் பின்னணியாக வைத்தது. வாயைத் திறந்தால் சொல்லுக்குப் பதில் சத்தம் மட்டும் வரும் அந்தச் சிறுவனின் தனிமைக்கு அந்த வெறுமை எவ்வளவு பொருத்தம்!

இதற்கு மிகப் பெரிய சாட்சி ஜப்பான். ஒசாமு தெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' 1963 ஜனவரி 1 அன்று தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஓர் அரைமணி நேர நிகழ்ச்சி, கையில் இருந்த பணமோ அதற்குக் கொஞ்சமும் போதாது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஓர் ஓவியம் என்றால் நொடிக்கு 24 வரைய வேண்டும். டிஸ்னியிலேயே பல இடங்களில் ஓர் ஓவியத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்திவைப்பார்கள், அப்போது 12. தெசுகாவின் குழு மூன்று ஃப்ரேம்களுக்கு ஒன்று என்று 8-க்கு இறங்கியது. பேசும்போது வாய் மட்டும் அசையும். ஓடும்போது பின்னணி மட்டும் நகரும். பறக்கும் காட்சியை ஒருமுறை வரைந்து சேமித்துவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார்கள். முழு அசைவைப் போற்றுபவர்கள் இதை வீழ்ச்சி என்றார்கள். ஆனால் அசைவைக் குறைத்தவுடன் நிறுத்தத்துக்கு ஒரு பலம் வந்தது. அசையாத ஒரு முகத்தின் மேல் கேமரா மெதுவாக நெருங்குவது, ஒரு வெட்டுக்காகக் காத்திருக்கும் நீண்ட அமைதி, பிறகு சட்டென்று வெடிக்கும் சில நொடிகளுக்கு மட்டும் ஓவியங்களை வாரியிறைப்பது என்று ஜப்பானிய அனிமேஷனின் இலக்கணம் அந்தப் பற்றாக்குறையிலிருந்தே முளைத்தது. பிற்காலத்தில் பணம் வந்த பிறகும் அவர்கள் அந்த இலக்கணத்தைக் கைவிடவில்லை. பற்றாக்குறை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் கைவிட்டிருப்பார்கள்.

இப்போது ஏணியின் உச்சியில் வைக்கப்படும் நுட்பத்துக்கு வருவோம். நிஜ அசைவைப் பிடித்து வரைபடத்தின் மேல் ஏற்றும் ஆசை புதிதல்ல. மேக்ஸ் ஃப்ளைஷர் 1915 வாக்கில் ரோட்டோஸ்கோப்பை உருவாக்கினார். படம்பிடித்த மனிதரின் ஒவ்வொரு ஃப்ரேமையும் கண்ணாடியில் விழவைத்து, அதன் மேல் தடம்பிடித்து வரையும் முறை அது. இதன் சிறப்பை ஃப்ளைஷரே காட்டிவிட்டார். 1932-இல் கேப் கேலோவேயின் நடனத்தைத் தடம்பிடித்து ஒரு பேய்க் கடல்யானைக்கு அணிவித்தபோது அது அற்புதமாக இருந்தது, காரணம் நடனம் மனிதனுடையது, உடலோ மனிதனுடையது இல்லை. சிக்கலைக் காட்டியது டிஸ்னி. 1937-இன் 'ஸ்னோ வைட்'டில் இளவரசனும் இளவரசியும் நிஜ நடிகர்களின் அசைவைப் பின்பற்றி வரையப்பட்டவர்கள், குள்ளர்களோ ஓவியர்களின் கற்பனையிலிருந்து வந்தவர்கள். யார் நினைவில் நிற்கிறார்கள்? இளவரசனின் முகத்தை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. மனிதனை மனிதனாகவே தடம்பிடித்தால் ஏதோ ஒன்று நழுவிவிடுகிறது. 1970-இல் மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் எழுதியது இதைப் பற்றித்தான். மனிதச் சாயல் ஓரளவு வரை கூடினால் நமக்குப் பிடிக்கிறது, மிக நெருங்கி வந்து ஒரு நூலிழையில் தவறினால் அருவருப்பு தட்டுகிறது. 2004-இன் 'தி போலார் எக்ஸ்பிரஸ்' வந்தபோது பலரும் அந்தக் குழந்தைகளின் கண்கள் உயிரற்றிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வரிசையில் வந்த கோல்லம் அப்படித் தோன்றவில்லை. ஆண்டி செர்கிஸின் உடலசைவைப் பிடித்தாலும், முகத்தை அனிமேட்டர்கள் அவர் நடிப்பைப் பார்த்துக் கையால் அமைத்தார்கள். அத்துடன் கோல்லம், மனிதனைப் போன்ற ஹாபிட் இனத்தில் பிறந்து சீரழிந்த பிறவி. கொஞ்சம் தவறாகத் தெரிவது அவனுக்குப் பொருந்திப்போயிற்று.

தமிழில் இந்தப் பரிசோதனை 'கோச்சடையான்' (2014). சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கத்தில் மோஷன் கேப்சரில் ஒரு முழுநீளத் தமிழ்ப் படம் எடுத்ததே பெரிய துணிச்சல், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். படம் வந்ததும் எல்லோரும் சொன்ன குறை, ஹாலிவுட் அளவுக்குப் பணமும் நேரமும் இல்லை என்பது. எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. பணம் கொட்டிய 'தி போலார் எக்ஸ்பிரஸ்' படத்துக்கும் அதே கண் பிரச்சினை இருந்ததே! சிக்கல் நுட்பத்துக்கும் நடிகருக்கும் உள்ள உறவில் இருந்தது. அன்றைய மோஷன் கேப்சர் நன்றாகப் பிடிப்பது எலும்புக்கூட்டின் அசைவை. ரஜினியின் வசீகரமோ வேகத்தின் ஏற்ற இறக்கத்தில், தலைமுடியைக் கோதும் விதத்தில், பார்வையின் ஒரு சுடரில் இருக்கிறது. அதாவது எது சல்லடையில் நிற்காமல் போகுமோ அதுதான் அவர். அதே ரஜினி 'ராஜா சின்ன ரோஜா' (1989) படத்தின் ஒரு பாடலில் கார்ட்டூன் விலங்குகளோடு வருகிறார். அங்கே அவர் அவராகவே இருக்க, சுற்றியுள்ளவை வரைபடங்கள். வரைந்தது வரைந்ததாகவே தெரிகிறது, அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. தொழில்நுட்பத்தில் எத்தனையோ படி கீழே இருந்த அந்தப் பாடல் குழந்தைகளை வென்றது.

இதிலிருந்து கம்ப்யூட்டரே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். கம்ப்யூட்டர் தன் இயலாமையை அறிந்து நடந்துகொண்ட இடத்தில் மகத்தான படங்கள் வந்திருக்கின்றன. பிக்ஸார் 1988-இல் செய்த 'டின் டாய்' குறும்படத்தில் தகர பொம்மை அழகாக இருந்தது, கைக்குழந்தை பயமுறுத்தியது. அன்றைய கம்ப்யூட்டருக்கு எல்லாமே பிளாஸ்டிக் போலத்தான் வரும். எனவே 1995-இல் முதல் முழுநீளக் கம்ப்யூட்டர் படம் எடுத்தபோது அவர்கள் பிளாஸ்டிக்கையே கதாநாயகர்கள் ஆக்கினார்கள். 'டாய் ஸ்டோரி' பிறந்த கதை அதுதான். 2018-இன் 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' இன்னும் ஒரு படி துணிந்தது. தானாகவே வழவழப்பான அசைவைத் தரும் இயந்திரத்திடம், வேண்டுமென்றே ஓர் உருவத்தை இரண்டு ஃப்ரேம்களுக்கு நிறுத்திவைக்கச் சொன்னார்கள். காட்டில் புதிய ஸ்பைடர்-மேனான சிறுவன் மைல்ஸ் முதன்முதலாக வலைநூலில் தொங்கக் கற்றுக்கொள்ளும் காட்சியில், அனுபவசாலி பீட்டர் பார்க்கர் நொடிக்கு 24 நிலைகளில் வழுக்கிக்கொண்டு போகிறார், மைல்ஸ் 12 நிலைகளில் தட்டுத்தடுமாறுகிறான். இருவரும் ஒரே சட்டகத்தில், இரண்டு வேகங்களில். பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஃப்ரேம்களை எண்ணுவதில்லை. இந்தப் பையனுக்கு இன்னும் கைவரவில்லை என்று மட்டும் உடம்பு புரிந்துகொள்கிறது.

"அப்படியானால் கம்ப்யூட்டராலேயே களிமண்ணையும் பென்சிலையும் போலச் செய்துவிடலாமே, பிறகு நுட்பங்களுக்குள் என்ன வித்தியாசம்?" என்று கேட்கலாம். இதுதான் என் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி. பதில் சொல்ல 'தி லெகோ மூவி' (2014) உதவும். பார்த்தால் ஸ்டாப் மோஷன் போலத் தோன்றும் அந்தப் படம் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் பிறந்தது. ஆனால் செய்தவர்கள் தங்களுக்குத் தாங்களே விலங்கு பூட்டிக்கொண்டார்கள். நிஜ லெகோ பொம்மையின் மூட்டு எங்கே மடங்குமோ அங்கே மட்டும்தான் மடங்கும். கடல் அலையும் புகையும் நெருப்பும்கூட லெகோ கட்டைகளால்தான். பொம்மைகளின் மேல் கீறலும் தூசியும் விரல்ரேகையும் உண்டு. இந்த உலகம் முழுவதும் ஒரு சிறுவன் தன் அப்பாவின் பொம்மைகளை எடுத்து விளையாடும் விளையாட்டு என்று கடைசியில் தெரியும்போது, அந்த விரல்ரேகை யாருடையது என்பதும் தெரிகிறது. ஆகவே பொருள் களிமண்ணா, கம்ப்யூட்டரின் எண்களா என்பது எனக்கு முக்கியமில்லை. கைக்கு எது முடியாது என்ற வரம்பு இருக்கிறதா, அந்த வரம்பைக் கதை மதிக்கிறதா என்பதுதான் முக்கியம். மேல்தோலை மட்டும் களிமண் போல ஆக்கிவிட்டு, எதையும் செய்யக்கூடிய சுதந்திரத்தையும் கையில் வைத்துக்கொண்டால் அது வெறும் வண்ணப்பூச்சு.

மிஞ்சியிருப்பது சாதாரண ரசிகரின் கேள்வி: கதை நன்றாக இருந்தால் போதாதா? 2019-இன் 'லயன் கிங்' உலகம் முழுவதும் 160 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததே! வசூலித்தது உண்மை. அந்தப் பணத்தில் பெரும்பங்கு 1994-இன் படம் மனதில் விதைத்ததன் அறுவடை என்பது என் கருத்து. கதை போதும் என்பவர்களுக்கு ஆரி ஃபோல்மனின் 'வால்ட்ஸ் வித் பஷீர்' (2008) நினைவுக்கு வர வேண்டும். லெபனான் போரில் இஸ்ரேலிய ராணுவத்தில் இருந்த அவர், 1982-இல் சப்ரா, ஷதிலா அகதி முகாம்களில் நடந்த படுகொலையின்போது தான் எங்கே இருந்தேன் என்பதே நினைவில் இல்லாமல் தேடிப் போகிறார். படம் முழுக்க வரைபடம், ஏனென்றால் காட்டப்படுவது நினைவும் கனவும் மறதியும். கடைசி நிமிடத்தில் வரைபடம் நின்று, அழும் பெண்களின் நிஜச் செய்திப்படம் வருகிறது. அங்கே நுட்பம் மாறுவதுதான் கதையின் உச்சம். அதை வேறு நுட்பத்தில் சொன்னால் அந்த உச்சம் இருந்த இடமே தெரியாது. டேனிஷ் படமான 'ஃப்ளீ' (2021) இதற்கு மறுபக்கம். ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பிவந்தவரின் முகத்தை மறைக்க வேண்டியிருந்ததால் அனிமேஷன். ஒளிந்து வாழ்ந்த ஒரு மனிதரின் கதையில், மறைப்பதே வடிவமாகிறது.

தமிழில் இந்தப் பார்வைக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2001-இல் வந்த 'ஆளவந்தான்' படத்தில் கமல்ஹாசன் ஏற்ற நந்து, மனநிலை பிறழ்ந்தவன். அவன் வெறி உச்சத்துக்குப் போகும் இடங்களில் படம் சட்டென்று கார்ட்டூனாக மாறிவிடும். வன்முறையைத் தணிக்கைக்கு ஏற்ப மென்மையாக்கும் உத்தி என்று அதை எளிதாகச் சொல்லிவிடலாம், அந்தப் பயனும் இருந்திருக்கலாம். ஆனால் நந்துவுக்கு உலகம் அப்படித்தான் தெரிகிறது. ரத்தம் அவனுக்கு வண்ணம், எதிரே நிற்பவர் வரைபடம், வலி என்பது பார்வைக்கு வராத ஒன்று. நிஜ உடல் வரைபடமாக மாறும் அந்த வெட்டு, ஒரு கொலைகாரனின் பார்வைக்குள் நம்மை இழுத்துப் போடுகிறது, நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும். இப்படி யோசிக்கப் பெரும் பணமும் வேண்டியதில்லை. லாட்வியாவின் கின்ட்ஸ் சில்பலோடிஸ், யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய ப்ளெண்டர் மென்பொருளில் வசனமே இல்லாமல் செய்த 'ஃப்ளோ' 2025-இல் ஆஸ்கார் வாங்கியிருக்கிறது. அதன் பூனைக்கு முடி முடியாகத் தெரியும் ரோமம் கிடையாது, தூரிகை இழுப்பு போன்ற மேனிதான். பணம் இல்லை என்ற காரணத்தை இனி நம் தயாரிப்பாளர்கள் சொல்வதும் கடினம். கதை எழுதும் மேசையிலேயே நுட்பத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் போதும், 'ஆளவந்தான்' காட்டும் வழி அதுதான். அந்தக் காட்சிகளை மோஷன் கேப்சரில் எவ்வளவு கச்சிதமாக எடுத்திருந்தாலும் நந்து பார்க்கும் உலகம் நமக்குக் கிடைத்திருக்காது. நாம் வெளியிலிருந்து பார்க்கும் நந்துவே மறுபடி ஒருமுறை கிடைத்திருப்பான்.